நம்பை: வே பிரிட்ஜ் கணக்குக்கு எவ்வளவு தூரம் தாங்கும்?

திருவொற்றியூரில் லாரியை எடை போடும் ஒரு வே பிரிட்ஜின் கணக்கைப் பார்ப்பது என் வேலை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி மேலே ஏறியதும் எடையை உணரும் லோடு செல் விடாமல் ரீடிங் அனுப்பும். பழையதெல்லாம் சேர்த்தால் பத்து கோடியைத் தொடும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ 4 ஜிபி ராம். விண்டோஸ் தின்றது போக மிஞ்சுவது சொற்பம். இதற்குத்தான் பைத்தான் புரோகிராம் மொழியில் எண் கணக்குக்கென்று இருக்கும் நம்பை லைப்ரரி. இலவசம், வேகத்தில் குறையே கிடையாது.

தசம எண் என்றால் நம்பை தானாக எடுத்துக்கொள்வது ஃப்ளோட்64, அதாவது எண்ணுக்கு 64 பிட் இடம். அது 8 பைட், பத்து கோடிக்கு 80 கோடி பைட். ஃப்ளோட்32 என்றால் அதில் பாதி. ஏழு இலக்கம் வரை துல்லியம் நிற்கும். 41,230 கிலோ லாரிக்கு அது தாராளம். ஆனால் வகையை மாற்றும் அஸ்டைப் (astype) போட்டு மாற்றும்போது பழைய அரேயும் (எண் வரிசை) புதியதும் சேர்ந்தே மெமரியில் கிடக்கும். ஃபைலைப் படிக்கும்போதே எண் எந்த வகை என்கிற டிடைப் (dtype) சொல்லிவிடுவது உத்தமம்.

இன்னும் பாதியாக்க ஃப்ளோட்16 இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். 32,768-க்கு மேல் அது 32 கிலோ 32 கிலோவாகத்தான் தாவும். 41,230 போட்டால் 41,216 என்று நிற்கும். மீதி 14 கிலோ எங்கே என்று லாரிக்காரர் கேட்டால் தசம எண்ணைக் கம்ப்யூட்டர் வைக்கும் விதத்துக்கான தரநிலை ஐ.இ.இ.இ. 754 என்றா பதில் சொல்வது?

உண்மையான வம்பு கூட்டலில்தான். ஃப்ளோட்32-ல் 1,67,77,216 வரைதான் எல்லா முழு எண்ணுக்கும் இடம் உண்டு. அதோடு 1 கூட்டினால் அதே எண் திரும்பி வரும். அதற்கு மேல் ஒற்றைப்படையே கிடையாது. 41 டன் லாரி நானூற்றுச் சொச்சம் ஏறினாலே அந்த எல்லை வந்துவிடும். எண்ணூர் நெடுஞ்சாலை டிராஃபிக்கைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு எண்ணிக்கையே இல்லை. சம் ஃபங்ஷன் பெரும்பாலும் பிரித்துப் பிரித்துக் கூட்டுவதால் பிழை கொஞ்சம் அடங்கும். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் கம்சம் (cumsum) ஃபங்ஷனுக்கு அந்தச் சலுகை இல்லை. வைத்திருப்பது 32-ல் இருக்கட்டும், கூட்டும்போது மட்டும் டிடைப் ஃப்ளோட்64 என்று கொடுத்துவிடுங்கள். சம் தருவது ஒரே ஒரு எண்தானே, மெமரிக்குப் பெரிய செலவில்லை.

அப்புறம், 2024-ல் வந்த நம்பை 2. ஃப்ளோட்32 அரேயை ஒரே ஒரு நம்பை ஃப்ளோட்64 எண்ணால் பெருக்கினாலும் விடை முழுக்க 64 ஆகிவிடும். சாதாரண பைத்தான் எண் என்றால் 32 அப்படியே இருக்கும். அப்டேட் செய்தபின் ராம் திடீரென்று நிரம்பினால் முதலில் அரே பிடிக்கும் பைட்டைச் சொல்லும் என்பைட்ஸ் (nbytes) எவ்வளவு என்று பாருங்கள்.