பதவியிலிருந்து யார் இறக்கலாம்? மதுரையில் ஓர் அரசமைப்பு வகுப்பு

மதுரை அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடத்திய, பல நாட்டு அரசமைப்புகளை ஒப்பிடும் பன்னிரண்டு வார வகுப்பைச் சென்ற மாதம் முடித்தேன். கட்டணம் 3,500 ரூபாய்; நேரம் காலை பத்து முதல் ஒரு மணி வரை. குரூப் 1 தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் படிப்பவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வகுப்பு என்றாலும், திருமங்கலத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என்னையும் தயங்காமல் சேர்த்துக்கொண்டார்கள்.

இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் ஓர் அட்டவணையோடு தொடங்கி அந்த அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடும். நாடாளுமன்ற முறை ஒரு பத்தியில், அதிபர் முறை மறு பத்தியில், கூட்டாட்சி, ஒற்றையாட்சி என்று அடுத்தடுத்த கட்டங்கள். இந்த ஆசிரியர் முதல் நாள் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: ஆட்சியில் இருப்பவரை அடுத்த தேர்தலுக்கு முன்பே யார் இறக்கலாம், எப்படி? பன்னிரண்டு வாரமும் ஒவ்வொரு நாட்டிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார். கொடுத்த பணத்துக்கு இந்த ஒன்றே போதும் என்று நான் கருதுவதற்கு மூன்றாம் வார வகுப்பே காரணம்.

அன்று இரண்டு வாக்கெடுப்புகளை அருகருகே வைத்தார். 1979 மார்ச் 28 அன்று பிரிட்டன் மக்களவையில் 311க்கு 310 என்ற கணக்கில் பிரதமர் காலகன் தோற்றார். 1999 ஏப்ரல் 17 அன்று நம் மக்களவையில் வாஜ்பாய் கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானம் 269க்கு 270 என்று தோற்றது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த வாக்கெடுப்பு அது என்பதால், எங்களில் மூத்தவர்களுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. இரண்டு இடங்களிலும் ஒரே ஒரு வாக்கில் ஆட்சி போனது. இரண்டு இடங்களிலும் அடுத்து வந்தது பொதுத்தேர்தல். பிறகு ஜெர்மனிக்குப் போனார். 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தில் 67ஆவது பிரிவு, அடுத்த பிரதமர் யார் என்று பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் இருக்கிற பிரதமரை நாடாளுமன்றம் இறக்க முடியும் என்கிறது. கவிழ்ப்பதற்கு மட்டும் ஒன்றுசேர்ந்து, ஆள்வதற்கு ஒன்றுசேராத கட்சிகளால், ஹிட்லருக்கு முன் ஜெர்மனியில் இருந்த வைமார் குடியரசு பட்ட பாடுதான் இந்த விதியை எழுத வைத்தது. 1972இல் பிரதமர் பிராண்ட்டுக்கு எதிரான முயற்சி இரண்டு வாக்கு குறைந்து தோற்றது. 1982 அக்டோபர் 1 அன்று பிரதமர் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை அமர்த்திய முயற்சி வென்றது. கூட்டாட்சி அளவில் வென்றது அந்த ஒரு முறைதான். இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் 1999க்குத் திரும்பி, அந்த 270 பேரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டார். முடிந்திருக்காது, ஜெர்மன் விதி இங்கே இருந்திருந்தால் வாஜ்பாய் ஆட்சி நீடித்திருக்கும். நாற்பது பேர் அமர்ந்திருந்த அந்த அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒப்பிடுவதன் பயன் என்ன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அதிபர் முறை நாடுகளுக்கு மூன்று வாரம் ஒதுக்கியதும் சரியான முடிவே. அமெரிக்காவில் 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மேலவையான செனட்டில் நடந்த பதவி நீக்க விசாரணையில் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். இன்றுவரை எந்த அதிபரையும் அந்த அவை நீக்கியதில்லை. நிக்சன் 1974இல் தாமே விலகினார். தென்கொரியாவிலோ நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு குற்றம் சாட்ட, இறுதித் தீர்ப்பை அரசமைப்பு நீதிமன்றம் சொல்கிறது. 2017இல் பார்க் குன்-ஹேயும் 2025இல் யூன் சுக்-யோலும் அப்படித்தான் பதவி இழந்தார்கள். இலங்கையைப் பற்றிய வாரம் எங்களுக்கு மிக நெருக்கமானதாக இருந்தது. 1978ஆம் ஆண்டின் அரசமைப்பு உருவாக்கிய நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியை நீக்குவதற்கான வழி, நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் கடந்து செல்லும் நீண்ட வழி. 2022 ஜூலையில் கோத்தபய ராஜபக்ச அந்த வழியில் நீக்கப்படவில்லை. தெருவில் திரண்ட மக்களுக்கு அஞ்சி நாட்டை விட்டுச் சென்று, சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். எழுதிவைத்த வழி கடினமாக இருந்தால் மக்கள் எழுதாத வழியைத் தேடுவார்கள் என்று ஆசிரியர் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் சேர்த்து ஒரே காலையை ஒதுக்கியது மட்டும் போதவில்லை.

இந்திய மாநிலங்களுக்கு வந்தபோது பேச்சு மதுரைக்கே வந்துவிட்டது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும் 1980 பிப்ரவரியில் மாநில ஆட்சியைக் கலைக்க மத்திய அரசுக்கு வழிதரும் 356ஆவது பிரிவின்படி எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டதும், அடுத்த தேர்தலில் அவர் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்று திரும்ப முதல்வரானதும் இங்கே பலருக்குத் தெரிந்த செய்திகள். பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டும் என்ற 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை (கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கு) இதனோடு இணைத்துச் சொன்ன விதம் தேர்வு எழுதுபவர்களுக்கும் உதவும்.

என் முதல் குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. பாடத்திட்டம் மாநிலத்தோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வாரத்தில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து, பாப்பாபட்டி, கீரிப்பட்டி பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டார். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் அந்த ஊராட்சிகளில் தேர்தலை நடத்தவிடாமல் செய்தார்கள். வென்றவர்களையும் உடனே விலக வைத்தார்கள். 2006இல்தான் அந்த நிலை மாறியது. மேலூர் அருகே மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவியில் இருப்பவரை யார் இறக்கலாம் என்ற கேள்விக்கு இந்த மாவட்டம் கொடுத்த மிகக் கொடிய விடை இது. எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லாத விடை. ஆசிரியர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல், மீதி ஒரு மணி நேரத்தையும் அதற்கே கொடுத்தார். நேர்மையான செயல்தான். ஆனால் ஒரு மாணவி எழுந்து கேட்டால்தான் வரும் என்ற இடத்தில் அது இருக்கக் கூடாது. தனியாக ஒரு வாரத்தை அதற்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது குறை அச்சிட்ட குறிப்பேடு. கட்டணத்தில் அதன் விலையும் அடங்கும். ஆனால் வகுப்பின் தரம் அதில் இல்லை. பிரான்சின் அதிபர் பதவிக்காலத்தை 2000ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்பு 7 ஆண்டிலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டது. குறிப்பேட்டில் இன்னும் 7 என்றே இருக்கிறது. அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதாக ஒரு வரி இருக்கிறது. உண்மையில் அவரைத் தேர்ந்தெடுக்கும் 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தேர்வுக் கூடத்தில் இதை நம்பி விடை எழுதும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு யார் பொறுப்பு?

இடவசதி பரவாயில்லை, மாடி அறை வெயில் காலத்தில் சற்றுப் புழுங்கும். பின்வரிசையில் குரல் சரியாகக் கேட்காததால் பத்து மணிக்குச் சற்று முன்பே போய் முன்னால் அமர்வது நல்லது. கடைசி நாளில் குறிப்பேட்டின் பிழைகளை இரண்டு பக்கம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன்; அங்கேயே நின்று ஒவ்வொன்றையும் படித்துத் தம் பிரதியில் பென்சிலால் திருத்திக்கொண்டார். அடுத்த குழுவில் சேர்கிறவர்கள், பணம் கட்டும் முன் திருத்திய பதிப்பு வந்துவிட்டதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.