கேமராவா, பெரியவர் சொல்லும் கதையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிக் காட்டில் யானைகளை அறிய இரண்டு வழிகள். ஒன்று, மரத்தில் கட்டும் தானியங்கி கேமரா. உடல் சூடும் அசைவும் பட்டால் படம் எடுக்கும். தேதி, நேரம் பிசகாது. காதின் கிழிசலையும் தந்தத்தின் வளைவையும் வைத்து எந்த யானை என்று பிரித்துவிடலாம்.

மற்றொன்று, இருளர் பெரியவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்பது. இங்கே தேதி கிடைக்காது. "கேழ்வரகு பால் பிடிக்கும் பருவம்" என்பார்கள். எந்த ஆண்டு என்றால், "இவள் அப்பன் கல்யாணத்துக்கு முந்தி" என்று பேத்தியைக் காட்டுவார்கள். குறிப்பெடுப்பவர் தவிக்க வேண்டியதுதான். ஆனால், வறண்ட ஓடையில் யானை எந்த இடத்து மணலைத் தோண்டித் தண்ணீர் குடிக்கும், கூட்டம் ஏன் பழைய தடத்தை விட்டு விலகியது என்பதெல்லாம் கதையில்தான் வரும். கேமராவுக்குத் தன் முன்னால் நடந்தது மட்டுமே தெரியும்.

எண்ணிக்கைக்குக் கேமராவையே நம்புவேன். 2022இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தில் எந்தத் தடத்தை மறிக்கக் கூடாது என்று முடிவெடுப்பதென்றால், வரைபடத்தை விரிக்கும் முன் கதையைக் கேட்பேன். கேமராவை எந்த மரத்தில் கட்டலாம் என்று கேட்கவும் அந்தப் பெரியவரிடம்தானே போக வேண்டும்? அவருக்குக் கூலி மட்டும் போதாது. அறிக்கையில் பெயரும் வேண்டும்.