மூன்று வருடம் பதற்ற நோட்டு: அந்த எண் கட்டத்தோடு தீராத தகராறு

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "நீ ஏதோ நோட்டுல எழுதிட்டே இருப்பியே, அதனால உண்மையிலேயே பிரயோஜனம் இருக்காடா? எனக்கும் ராத்திரி ஆனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

பதற்ற நோட்டு என்றால், பதற்றம் வரும்போதெல்லாம் அதைக் குறித்துவைக்கிற நோட்டு. ஆறு கட்டம். எப்போது, எங்கே, உடம்பில் என்ன செய்தது, மனசில் என்ன ஓடியது, 0 முதல் 10 வரை எவ்வளவு, கடைசியில் நடந்தது என்ன. மனநல ஆலோசகர் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார், அதைப் பார்த்து நான் நோட்டில் போட்டுக்கொண்டேன். மூன்று நோட்டு முடிந்து நாலாவது பாதியில் இருக்கிறது.

என் எரிச்சலெல்லாம் ஐந்தாவது கட்டத்தின் மேல்தான். அந்த எண்.

முதல் நோட்டைப் புரட்டினால் இப்படி இருக்கிறது: 7, 7, 8, 7, 6 (அதை அடித்துவிட்டு 7), 7, 7. ஒரு மனுஷன் மாதக்கணக்கில் ஏழிலேயே குடியிருக்க முடியுமா? 10 போடக் கூச்சம், உயிர் போகிறவன்தான் அதைப் போடவேண்டும் என்று ஒரு நினைப்பு. 5 போட்டால், அப்புறம் எதற்கு இதை எழுதுகிறாய் என்று நோட்டே கேட்பது போலிருக்கும். ஆக, ஏழு. நான் அளந்து போட்டதே கிடையாது. கொஞ்சம் கௌரவமாக முனகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது கட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டேன். 'உடம்பில் என்ன'. பயம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், இதுதான் வரிசை என்று அதுவரை நம்பியிருந்தேன். மூன்று மாதம் எழுதிய பிறகு படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தலைகீழ். முதலில் நெஞ்சு அடித்திருக்கிறது. மாடிப்படி ஏறியதும், தூக்கம் கெட்ட மறுநாள், சாயங்காலம் குடித்த காபிக்குப் பிறகு. அப்புறம்தான் மனசு ஓடிவந்து 'ஹார்ட் அட்டாக்கோ' என்று காரணம் கண்டுபிடித்திருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்டு நெஞ்சு இன்னும் வேகமாக அடித்திருக்கிறது. டேவிட் கிளார்க் என்கிற உளவியலாளர் 1986-இல் இந்தச் சுழலைத்தான் விளக்கி எழுதியிருக்கிறார் என்று ஆலோசகர் பிறகு சொன்னார். என் கையெழுத்திலேயே அதைப் பார்த்துவிட்டதால் எனக்கு நிரூபணம் எதுவும் தேவைப்படவில்லை.

காபி கணக்கும் அங்கேதான் பிடிபட்டது. உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே பெரியவர்களுக்குச் சுமாராக 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி ரத்தத்தில் இருக்கும். நான் 11 மணிக்குப் படுத்துக்கொண்டு வாழ்க்கையின் தோல்விகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதேபோல விரல் நுனி மரத்துப்போவது. மூச்சை வேகவேகமாக விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், விரல் சுருசுருக்கும், தலை லேசாகும். இது தெரிந்த பிறகும் விரல் மரக்கத்தான் செய்கிறது. அதை வைத்துக் கதை கட்டுவது மட்டும் குறைந்திருக்கிறது.

சரி, எண்ணுக்கு வருகிறேன். முதல் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பதிவு:

"இரவு 9:50. வீடு. மேலதிகாரி மெசேஜ்: 'காலைல வந்ததும் என்னைப் பாருங்க.' வயிற்றைப் பிசையுது, உள்ளங்கை சில்லுனு இருக்கு, பல்லைக் கடிச்சுட்டிருக்கேன். வேலை போச்சு. 8."

கீழே வேறு மையில்: "3:15. இன்னும் தூங்கல."

கடைசிக் கட்டத்தில்: "பழைய பிரிண்டர் பாஸ்வேர்டு கேட்டார்."

சிரிப்பாக இருக்கிறதா? எட்டு மாதம் கழித்து அதே மனிதரிடமிருந்து, கிட்டத்தட்ட அதே மெசேஜ். இந்த முறை எல்லாம் தெரிந்தவன் நான். பயத்தில் உடம்பு சுரக்கிற அட்ரினலின் தெரியும், சுழல் தெரியும், பிரிண்டரும் தெரியும். எண் எவ்வளவு போட்டேன்? 8. நோட்டைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். இவ்வளவு புரிந்துகொண்டும் அரைப் புள்ளி இறங்காதென்றால் இந்தப் படிப்பு எதற்கு?

ஒரு வாரம் கழித்துப் பெருக்கும்போது கைக்கு வந்தது. தூசி தட்டிப் பார்த்தால், இரண்டாவது பதிவின் கீழே "10:35. படுக்கப் போறேன்" என்று இருக்கிறது. முதல் தடவை விடிய விடிய. இரண்டாவது தடவை முக்கால் மணி நேரம்கூட இல்லை. இரண்டுக்கும் எண் அதே 8. என் வாழ்க்கையில் உருப்படியாக மாறிய ஒரே விஷயத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை! ஓரத்தில் ஏழாவதாக ஒரு கட்டம் போட்டேன்: 'எவ்வளவு நேரம்'. அன்றிலிருந்து நோட்டில் நான் ஆசையாகப் படிப்பது அதை மட்டும்தான்.

நியாயமாக இதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கண்டுபிடிப்பைப் பெருமையாக ஆலோசகரிடம் காட்டினேன். "எழுதும்போது ஒரு தடவை, அரை மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, ரெண்டு எண் போடுங்கன்னு முதல் நாளே சொன்னேனே" என்றார். சொல்லியிருக்கலாம். முதல் நாள் நான் அவர் பேச்சைக் கேட்டேனா, என் நாடியை எண்ணினேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும், பதற்றத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கிற தாளில் அதற்கு இன்னொரு கட்டம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது நோட்டு மோசமான காலம். ஒரு நாளில் 11 தடவை எழுதியிருக்கிறேன். படபடப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே நாடி பிடித்துப் பார்ப்பேன், பார்த்ததும் வந்துவிடும், வந்ததும் எழுதுவேன். புரிந்துகொள்கிறேன் என்ற பெயரில் காவல் காத்துக்கொண்டிருந்தேன். ஆலோசகர் அதை நிறுத்தினார். கவலைக்கென்று தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். 1983-இல் தாமஸ் போர்கோவெக்கும் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்த முறை இது. வந்தபோது ஒரே ஒரு வார்த்தை குறித்துக்கொள்ளலாம், மிச்சம் அந்த அரை மணியில். சாயங்காலம் 6:30-க்கு உட்கார்ந்து பார்த்தால் காலையில் 'லிஃப்ட்' என்று குறித்திருக்கும். லிஃப்டில் என்ன? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

இன்னொன்று, நண்பனுக்காக. நோட்டைத் திறக்கும் முன்பே டாக்டர் எனக்கு இசிஜியும் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே கை நடுக்கம். அது தெரியாமல் மனசைத் தோண்டிக்கொண்டிருப்பது வீண். கூடவே பதற்றத்தை அளக்கிற ஜிஏடி-7 என்ற கேள்வித்தாளை நிரப்பினேன். 2006-இல் வெளியானது, ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. 10-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இன்னும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், அதுவே நோய் என்ற தீர்ப்பு கிடையாது. எனக்கு அன்று 14. போன மாதம் 9. விசித்திரம், இந்த எண்ணோடு எனக்குச் சண்டையே வந்ததில்லை. காரணம் இப்போதுதான் உறைக்கிறது. அது எவ்வளவு பயம் என்று கேட்பதில்லை. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்கிறது.

இவ்வளவு எழுதியதைக் கூட்டிக் கழித்தால், ஆரம்பி என்றுதான் நான் அவனுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இன்று காலையில் ஒன்றுமே இல்லாததற்கு ஒரு 7 போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் கடுப்பில் சொல்கிறேன்: வேண்டாம்டா. முதலில் டாக்டரைப் பார். அதற்கப்புறமும் ஆசை போகவில்லை என்றால் சொல், கோடு போட்ட புது நோட்டு ஒன்று என்னிடம் கிடக்கிறது, தருகிறேன். ஐந்தாவது கட்டத்தை மட்டும் எல்லாப் பக்கத்திலும் பேனாவால் அடித்து வைத்திருக்கிறேன்.