விசர்ட்ரி மறுவாக்கம்: திரும்பி வரக் கற்றுக்கொடுக்கும் நிலவறை

1981-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்த ‘விசர்ட்ரி: புரூவிங் கிரவுண்ட்ஸ் ஆஃப் தி மேட் ஓவர்லார்ட்’ என்ற விளையாட்டை டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் முப்பரிமாணக் காட்சிகளோடு மறுபடியும் உருவாக்கி, 2024 மே மாதம் முழு வடிவில் வெளியிட்டது. ஆறு பேர் கொண்ட குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பத்துத் தளங்கள் கொண்ட நிலவறைக்குள் இறங்கி, ட்ரெபோர் என்ற அரசனிடமிருந்து வெர்ட்னா என்ற மந்திரவாதி திருடிய தாயத்தை மீட்டு வர வேண்டும் என்பதுதான் கதை. அதற்கு மேல் கதை என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. ஆயினும் இரண்டு மாத காலம் மாலை நேரங்களை இதற்கே கொடுத்த பிறகு, நிலவறை விளையாட்டுகளுக்குப் புதியவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூல விளையாட்டை எழுதிய ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் அப்போது கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள். வில்லனின் பெயரான வெர்ட்னா என்பது ஆண்ட்ரூவின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கியதால் வந்தது. அரசன் ட்ரெபோர் என்பதும் அவ்வாறே ராபர்ட்டிலிருந்து பிறந்தது. இந்த மறுவாக்கத்தில் என்னை மிகவும் கவர்ந்தது, புதிய காட்சிகளுக்கு அடியில் அந்தப் பழைய நிரலே இன்னும் இயங்குகிறது என்பதுதான். வேண்டுமென்றால் திரையின் ஒரு மூலையில் ஆப்பிள் 2-வின் கோட்டுச் சித்திரத் திரையையும் பார்த்துக்கொண்டே ஆடலாம். பெரிய திரையில் கல்லும் தீப்பந்த வெளிச்சமுமாக ஒரு தாழ்வாரம் தெரியும்போது, மூலையில் அதே தாழ்வாரம் நான்கைந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளைக் கொண்டே ஒரு தலைமுறை பயந்து நடுங்கியிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு மரியாதையே மிகுந்தது. வினிஃபிரெட் ஃபிலிப்ஸ் அமைத்த இசைக்கு 2025-இல் கிராமி விருதும் கிடைத்தது. அது தகுதியான விருது.

இனி, புதியவர் ஒருவர் முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன், ஏனெனில் விளையாட்டு இவற்றைப் போதிய அளவு விளக்குவதில்லை. பயிற்சிக் களத்தில் பாத்திரம் ஒன்றை உருவாக்கும்போது, பண்புகளுக்குப் பகிர்ந்தளிக்கச் சில கூடுதல் புள்ளிகள் தற்செயலாகக் கிடைக்கும். மிகக் குறைவாக வந்தால் அந்தப் பாத்திரத்தைக் கைவிட்டுவிட்டு மறுபடி முயல்வதில் தவறில்லை. குணச்சார்பில் நல்லவரும் தீயவரும் சாதாரணமாக ஒரே குழுவில் சேர முடியாது, நடுநிலையாளர் இரு பக்கமும் சேரலாம். ஆகவே ஆறு பேரையும் உருவாக்கி முடித்த பின் மதுக்கடையில் ஒன்றுசேர்க்க முடியாமல் விழிப்பதைத் தவிர்க்க, இதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மூன்று போர்வீரர், ஒரு பூசாரி, ஒரு திருடர், ஒரு மந்திரவாதி என்ற அமைப்பு தொடக்கத்திற்குப் போதும். முன்வரிசை மூவர் மட்டுமே ஆயுதத்தால் தாக்க முடியும் என்பதால், இருக்கிற காசையெல்லாம் ஒருவரிடம் திரட்டி, போல்டாக் கடையில் அந்த மூவருக்கே முதலில் கவசமும் வாளும் வாங்க வேண்டும். கவச எண் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது: பத்து என்றால் வெற்றுடம்பு, எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். புதிய ஆட்களை உருவாக்கி அவர்களிடம் உள்ள காசை மட்டும் வாங்கிக்கொண்டு நீக்கிவிடும் தந்திரம் பழைய ஆட்டக்காரர்களிடையே பிரபலம்; நான் அதைச் செய்யவில்லை, முதல் காசுப் பஞ்சம் கற்றுத்தருவது அதிகம்.

அடுத்தது, இந்த விளையாட்டின் உயிர்நாடி என்று நான் கருதுவது. படிக்கட்டில் இறங்கியதும் அருகிலுள்ள ஓர் அறைக் கதவைத் திறந்து, ஒரே ஒரு சண்டை போட்டுவிட்டு, வென்றாலும் காயம் பட்டாலும் மேலே திரும்பி வந்துவிடுங்கள். முதல் நிலையில் மந்திரவாதிக்கு அடுத்த ஓய்வு வரை இரண்டே மந்திரங்கள், பூசாரிக்கும் இரண்டே. மந்திரவாதியின் அந்த இரண்டையும் ‘கட்டினோ’ என்ற தூக்க மந்திரத்திற்கே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹலிட்டோ’ ஓர் எதிரியை மட்டும் சுடும், கட்டினோ ஒரு கூட்டத்தையே உறங்க வைக்கும், உறங்குபவர் மீது விழும் அடி இரட்டிப்பாகும். மந்திரம் தீர்ந்துவிட்டால் ‘இன்னும் ஒரே ஓர் அறை’ என்ற எண்ணம் எழும். என் முதல் குழு ஆறு பேரும் மாண்டது அந்த எண்ணத்தால்தான். மூல விளையாட்டின் வழக்கப்படி ஆட்டம் தானாகவே பதிவாகிக்கொண்டே போவதால், பழைய பதிவு ஒன்றுக்குத் திரும்பி நடந்ததை அழித்துவிடும் எண்ணத்துடன் ஆடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு விடுதியில் செய்யும் சிக்கனமும் ஒரு கலை. விடுதியின் குதிரை லாயத்தில் தங்கக் கட்டணம் இல்லை. அங்கே காயம் ஆறாது, ஆனால் செலவழித்த மந்திரங்கள் முழுவதும் மீண்டுவிடும். கட்டண அறைகளில் காயம் ஆறும், ஆனால் காசும் வயதும் சேர்ந்து போகும். ஆகவே பூசாரியை லாயத்தில் படுக்கவைத்து, நிலவறையின் முதல் படியில் இறங்கி முகாமிட்டு, ‘டியோஸ்’ மந்திரத்தால் மற்றவரைக் குணப்படுத்தி, மறுபடி மேலே வந்து லாயத்தில் படுக்கவைப்பது என்று மாறிமாறிச் செய்தால் ஒரு காசு செலவின்றிக் குழு முழுவதும் தேறிவிடும். கேட்பதற்கு அலுப்பூட்டும் வேலையாகத் தோன்றலாம். இரண்டே நாளில் அது கைப்பழக்கமாகிவிடுகிறது. நிலை உயர்வதும் விடுதியில்தான் நடக்கும், அப்போது பண்புகள் கூடுவது போலவே சில குறையவும் கூடும். இத்தகைய பழைய கடுமைகளில் சிலவற்றைத் தளர்த்திக்கொள்ள மறுவாக்கத்தில் தனி அமைப்புகள் உள்ளன, புதியவர்கள் அவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வரைபடம் வரைந்துதரும் வசதி இருந்தாலும், முதல் தளத்தை மட்டுமாவது கட்டம் போட்ட தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். ஒவ்வொரு தளமும் இருபதுக்கு இருபது கட்டம் என்பதால் அது ஒரே பக்கத்தில் அடங்கும்.

பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். அறைச் சண்டைகளுக்குப் பிறகு கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் பொறி இருக்கும். திருடர் சொல்வதை ஒரே ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டுத் திறந்துவிடாதீர்கள். பூசாரிக்கு ‘கல்ஃபோ’ மந்திரம் கிடைத்தவுடன் அதைக் கொண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றி எறியும் பொறி என்று தெரிந்தால், உள்ளே என்ன இருந்தாலும், பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வருவதே நல்லது. அடையாளம் தெரியாத பொருளைப் போல்டாக்கிடம் காட்டினால் அவர் கேட்கும் கட்டணம் அதை விற்றால் வரும் விலைக்குச் சமமாக இருக்கும். எனவே பிஷப் என்ற வகைப் பாத்திரம் ஒருவரை உருவாக்கி மதுக்கடையிலேயே விட்டுவைத்தால், பொருள்களை இனம் காண அவர் போதும்.

குழு சற்றுத் தேறியதும், முதல் தளத்தில் ஒரு சிலையைத் தேடினால் வரும் மர்ஃபியின் ஆவியோடு மோதிப் பாருங்கள். அது மெதுவாகச் சாகும், பலமாக அடிக்காது, அனுபவப் புள்ளியை அள்ளித் தரும். வேண்டும்போதெல்லாம் திரும்பவும் வரும். அதன் பிறகு இரண்டாம் தளத்துக்கு இறங்கலாம். நான்காம் தளத்துக்குக் கொண்டுசேர்க்கும் மின்தூக்கி ஒன்று முதல் தளத்திலேயே இருக்கிறது. நான்காம் தளத்தில் வென்றெடுக்கும் நீல நாடா கிடைத்தால், ஒன்பதாம் தளம் வரை இறங்கும் மற்றொரு மின்தூக்கியும் திறக்கும். இடையிலுள்ள தளங்களைக் காணாமலே போகலாம் என்பது இந்த நிலவறை அமைப்பின் வினோதம்.

குறை என்று சொன்னால், மந்திரங்களின் பெயர்கள் எல்லாம் கற்பனை மொழியில் இருப்பதால் எது எதைச் செய்யும் என்பது மனத்தில் பதிய நாளாகும். சண்டைக் காட்சிகளின் அசைவுகளும் நூறாவது முறை பார்க்கும்போது நீளமாகவே தெரிகின்றன. தொடர்ந்து ஏதேனும் நிகழ்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டீம், ஜிஓஜி என்ற இணைய விளையாட்டுக் கடைகளிலும், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் சாதனங்களிலும் கிடைக்கிறது. எழுத்துகளைப் படித்துக்கொண்டே ஆடுவது என்பதால் பெரிய திரை வசதியானது.

இறந்தவரைக் காண்ட் கோயிலில் காசு கொடுத்து எழுப்பலாம். முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும், சாம்பலிலிருந்தும் எழுப்பத் தவறினால் அவர் என்றென்றைக்குமாகப் போய்விடுவார். குழு முழுவதும் மாண்டால் உடல்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். என் முதல் குழுவை மீட்க நான் புதிதாக ஆறு பேரை உருவாக்கிப் பல நாள் பயிற்றுவித்து, அவர்களில் மூவரை மட்டும் கீழே அனுப்பினேன், மூன்று உடல்களுக்கு இடம் வேண்டுமல்லவா. இரண்டு பயணங்களில் ஆறு பேரும் மேலே வந்தார்கள். அவர்களில் ஐவர் கோயிலில் கண் விழித்தார்கள்; திருடர் சாம்பலாகி, பின்பு அதுவும் இல்லாமல் போனார். அவருடைய இடத்தில் மீட்கச் சென்ற மூவரில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் குழுவோடுதான் இப்போது நான்காம் தளத்தில் இருக்கிறேன்.