கடலில் புதுக் காற்றாலையா, கரையில் பழையதை மாற்றுவதா?

கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல் பக்கம் போனால் 1990-களில் நட்ட குட்டைக் காற்றாலைகள் இன்னமும் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 225, 250 கிலோவாட்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அருமையான காற்று இவற்றுக்குப் போகிறது! அதே இடத்தில் 2, 3 மெகாவாட் இயந்திரம் நிற்கலாம். சாலையும் மின்கம்பியும் ஏற்கெனவே உண்டு. ஆனால் பெரிய ஒன்றை நட, சுற்றியுள்ள பல சின்னவற்றை எடுக்க வேண்டும். அவை ஆளுக்கொருவருடையவை. யார் பங்கு எவ்வளவு என்பதிலேயே பேச்சு இழுக்கும். அப்புறம், பழைய துணைமின் நிலையம் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டுமே.

கடலில், மன்னார் வளைகுடாவில் நட்டால் பட்டா, பங்காளித் தகராறு கிடையாது. காற்றும் கரையைவிட வலுவானது. செலவுதான் மலைக்க வைக்கிறது. கடலடி அஸ்திவாரம், தனிக் கப்பல், கடலடிக் கேபிள், உப்பரிப்பு... குஜராத்துக்கும் தமிழகத்துக்கும் தலா 500 மெகாவாட்டுக்காக 2024 ஜூனில் மத்திய அரசு ஒப்புக்கொண்ட உதவித் திட்டமே 7,453 கோடி ரூபாய். பவளப்பாறைகளும் மீனவர்களின் வலை விரிக்கும் இடங்களும் வேறு இருக்கின்றன.

என்னைக் கேட்டால், முதலில் முப்பந்தல். கடல் திட்டம் ஆய்வும் துறைமுக வேலையுமாக நடக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல அறுவடை; மற்ற மாதங்களுக்கு வேறு வழி பார்த்தாக வேண்டும்.