ப்ளூயி: சில வருடம் பார்த்த பிறகு எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு நிம்மதியாக ரசம் வைக்கலாம் என்று நினைத்து ப்ளூயி என்ற கார்ட்டூன் தொடரைப் போட்டால் அந்தத் திட்டம் பலிக்காது. ஒரு எபிசோடு 7 நிமிடம்தான். முடிந்த கையோடு பிள்ளை அடுப்படிக்கு வந்துவிடும். "அம்மா, டிங்! ஆடாம அசையாம நில்லு!" முதல் எபிசோடில் ஒரு மாய சைலபோன் வரும். அதை யாரை நோக்கித் தட்டுகிறார்களோ அவர் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் சைலபோன் கிடையாது, எவர்சில்வர் தட்டும் கரண்டியும்தான். ரசம் பொங்கிக்கொண்டிருக்கும், நான் சிலையாக நின்றுகொண்டிருப்பேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு, அங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் கூட்டுக் குடும்பம். வீட்டுக்காரர் குடும்பம் கரும்புத் தோட்டக் காலத்திலேயே இங்கு வந்தவர்கள். மாமியாருக்கு இன்னும் நல்ல தமிழ் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் 'ஆயா'. ப்ளூயியை நாங்கள் பார்ப்பது டிஸ்னி பிளஸ் ஸ்ட்ரீமிங்கில்; அது தென்னாப்பிரிக்காவுக்கு 2022 மே மாதம் வந்தது. அப்போது மூத்தவள் கிரெஷ் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், அவள் விட்ட இடத்திலிருந்து சின்னவன் பார்க்கிறான். இரண்டு பிள்ளை, வெவ்வேறு வயசு, ஒரே தொடர். அதனால்தான் கொஞ்சம் நிதானமாக எழுதலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஒரு நாய்க் குடும்பம். மாடு மேய்க்கும் ஹீலர் இனம். மூத்தவள் ப்ளூயி, இளையவள் பிங்கோ, அப்பா பேண்டிட், அம்மா சில்லி. அப்பா தொல்பொருள் ஆய்வாளர், அம்மா விமான நிலையப் பாதுகாப்பு வேலையில். ஜோ பிரம் உருவாக்கியது, பிரிஸ்பேனிலேயே இருக்கும் லூடோ ஸ்டுடியோ தயாரிப்பது. 2018 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் ஏபிசி கிட்ஸ் சேனலில் தொடங்கியது. வில்லன் இல்லை, கெட்ட மந்திரவாதி இல்லை. கடைசியில் ஒருவர் வந்து "இதிலிருந்து நாம் என்ன கற்றோம்" என்று கேட்கவும் மாட்டார். எனக்குப் பெரிய நிம்மதி அது. பெரும்பாலும் ஒரு எபிசோடு என்றால் ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

அந்த விளையாட்டுகள் டிவிக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கண்டது. இதற்கு முன் வீட்டில் ஓடிய பாட்டுச் சேனலை நிறுத்தினால் அழுகை, உருளல், ஆர்ப்பாட்டம். ப்ளூயியை நிறுத்தினால் அழுகை குறைவு. பிள்ளைக்கு அடுத்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. பலூன் தரையைத் தொடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. பிறந்தநாள் முடிந்து மிஞ்சிய ஒற்றைப் பலூனை வைத்து ஒரு சனிக்கிழமை முழுக்க ஓட்டியிருக்கிறோம்.

'டேக்அவே' என்ற எபிசோடை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பேண்டிட் இரண்டு பிள்ளைகளோடு சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறார். ஸ்பிரிங் ரோல் விட்டுப்போயிருக்கிறது, 5 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்த 5 நிமிடத்தில்தான் கதையே. குழாயைத் திறந்துவிடுகிறார்கள், ஒருத்திக்கு அவசரமாக ஒன்றுக்கு வருகிறது, சாப்பாடு கொட்டிப்போகிறது. மனுஷன் ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்தப் பார்த்துக் களைத்துப்போகிறார். கடைசியில் ஒரு ஃபார்ச்சூன் குக்கியை உடைத்து உள்ளே இருக்கும் சீட்டைப் படிக்கிறார். பூ மறுபடி பூக்கும், இளமை மறுபடி வராது என்கிற மாதிரி ஒரு வரி. ஒரு நொடி யோசிக்கிறார். பிறகு அவரும் தண்ணீரில் இறங்கிவிடுகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் டர்பன் சாப்பாடு) வாங்க வரிசையில் நின்ற யாருக்கும் இது புரியும். ரொட்டிக்குள் மட்டன் கறி ரொம்ப நேரம் ஆகாமல் வந்துவிடும், ஆனால் அதற்குள் சின்னவன் கடை ஃபிரிட்ஜின் கதவைப் பத்துத் தடவை திறந்திருப்பான். அந்த எபிசோடு பார்த்த பிறகு நான் ரொம்பப் பொறுமைசாலி ஆகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. கத்துவதற்கு முன் ஒரு நொடி அந்த நாயின் முகம் ஞாபகம் வரும், அவ்வளவே.

பேண்டிட்டால் எங்கள் வீட்டு ஆண்களுக்குத்தான் தொல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தால், "பேண்டிட் விளையாடுவாரே, நீங்க ஏன் விளையாடல?" என்று கேள்வி. என் வீட்டுக்காரர் முதலில் இந்தத் தொடரையே வெறுத்தார். 'கிரிக்கெட்' என்ற மூன்றாம் சீசன் எபிசோடுதான் அவரை மாற்றியது. ரஸ்டி என்று ஒரு சின்னப் பையன். பெரியவர்கள் எல்லாம் மாறி மாறிப் பந்து போட்டும் அவனை அவுட்டாக்க முடியவில்லை. அவன் எப்படி இவ்வளவு நன்றாக ஆடக் கற்றான் என்று பேண்டிட் ப்ளூயிக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். அண்ணனின் நண்பர்கள் போட்ட வேகப் பந்து, அடிபட்ட பயம், ராணுவத்தில் வெளியூரில் இருக்கும் அப்பாவின் கடிதம். கடினமான பந்து வரும்போது ஒதுங்கி அவுட் ஆகலாம், முன்னே வந்து அடிக்கவும் செய்யலாம், பந்தை மட்டும் பார், தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்று அப்பா எழுதியிருப்பார். கடைசிப் பந்தில் ரஸ்டி வேண்டுமென்றே தன் குட்டித் தங்கச்சி கைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறான். எங்கள் வீட்டு மனிதர் கிங்ஸ்மீட் மைதானத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கும்போது அம்பயரைத் திட்டுகிற ஆள். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குப்பைத்தொட்டியை எடுத்து வை, ஸ்டம்ப் வேணும்" என்றார்.

ஆயாவின் பார்வை வேறு. "இந்த அப்பன் வேலைக்கே போகமாட்டானா?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. சிரிப்பாக இருந்தாலும் நியாயமான கேள்வி. இந்தத் தொடரின் பெரிய குறை அதுதான் என்று நானும் சொல்வேன். அந்த அப்பா அம்மாவுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது, விசாலமான வீடு இருக்கிறது, பாத்திரம் விளக்க ஆள் தேவைப்படுவதாகவே தெரியவில்லை. களைப்பாக இருக்கிற நாளில் இதைப் பார்த்தால் நாம் மோசமான அம்மாவோ என்று தோன்றிவிடும். சில எபிசோடுகளில் அவர்களும் சோர்ந்துபோகிறார்கள்; அதிலும் 7 நிமிடத்தில் தெம்பு வந்துவிடுகிறது.

ஆனால் ஆயாவுக்கே இந்தத் தொடர் ஒரு நல்லது செய்தது. ப்ளூயியும் பிங்கோவும் கிழவி வேஷம் கட்டி, துப்பட்டி போர்த்திக்கொண்டு ஊரைக் கலக்குகிற எபிசோடு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் மகள் ஆயாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு கூன் போட்டு நடந்தாள். ஆயாவே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்: "அப்படி இல்ல, இடுப்புல கை வெச்சு, 'ஐயோ முருகா'ன்னு உட்காரணும்." சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை, இந்த விளையாட்டில்தான் தமிழில் வாயாடுகிறாள். தொடரை நாங்கள் ஆங்கிலத்தில்தான் பார்க்கிறோம்; விளையாட்டு எந்த மொழியில் என்பதை ஆயா முடிவு செய்கிறார்.

2024 ஏப்ரலில் வந்த 'தி சைன்' என்ற 28 நிமிடச் சிறப்பு எபிசோடை எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். பேண்டிட்டுக்கு வேறு ஊரில் நல்ல சம்பளத்தில் வேலை, வீட்டை விற்கப்போகிறார்கள், முன்னால் பலகை நட்டிருக்கிறது. கடைசியில் வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட, பேண்டிட் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிகிறார், குடும்பம் அங்கேயே இருந்துவிடுகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆயா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்களுக்குப் புடுங்க ஒரு பலகைகூட இல்லையே" என்றார். அவர் பிறந்தது டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி அவர்களையெல்லாம் கிளப்பிச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். மூத்தவள் அன்றைக்குத்தான் அதைக் கேள்விப்பட்டாள், ராத்திரி வரை கேள்வி மேல் கேள்வி. என்னைக் கேட்டால் அந்த முடிவு கொஞ்சம் சுலபமாகப் போய்விட்டது. அவர்கள் கிளம்பியே போயிருக்கலாம். சின்னவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாவைத் தொடுகிற இடத்தில் இந்தத் தொடர் அப்படி நழுவுவதில்லை. 'காப்பிகேட்' எபிசோடில் அடிபட்ட ஒரு சின்னக் கிளியை மருத்துவரிடம் கொண்டு போகிறார்கள், அது செத்துவிடுகிறது. ப்ளூயி வீட்டுக்கு வந்து அதையே மறுபடி நடித்துப் பார்க்கிறாள். எங்கள் வாசலில் ஒரு மைனா செத்துக் கிடந்தபோது சின்னவனும் இதையே செய்தான். மைனாவாகப் படுத்தது நான். முதுகு வலித்தது.

2023இல் லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு தலைவிரித்தாடியபோது டேப்லெட்டில் இறக்கி வைத்த எபிசோடுகள் கைகொடுத்தன. இருட்டில் 'ஸ்லீப்பிடைம்' பார்த்துப் பாருங்கள். பிங்கோவின் கனவு, வசனம் ரொம்பக் கம்மி, பின்னணியில் ஹோல்ஸ்ட் என்ற பழைய ஆங்கிலேய இசையமைப்பாளரின் 'ஜூபிடர்' இசை. தொடருக்கு இசையமைக்கும் ஜாஃப் புஷ்தான் இதன் பாதி பலம் என்பேன். பேட்டரி தீருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டால் அதிர்ஷ்டம்.

வெட்டு ஒட்டு வேலையும் நடக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 'எக்சர்சைஸ்' எபிசோடில் பேண்டிட் எடை பார்த்து அலுத்துக்கொள்ளும் காட்சிக்கு எதிர்ப்பு வந்து, 2023இல் அதை மாற்றினார்கள். பொம்மை, பை, தண்ணீர் பாட்டில் வியாபாரம் தனி. கடைக்குப் போனால் அந்த வரிசையைச் சுற்றிப் போகிற பாதையை நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 2024இல் மக்கள் ஸ்ட்ரீமிங்கில் அதிகம் பார்த்தது இதைத்தான் என்று, பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் சொல்கிறது, 5,500 கோடி நிமிடத்துக்கும் மேல். அத்தனையையும் பிள்ளைகள் மட்டும் பார்த்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. மூன்று சீசனில் 150க்கும் மேற்பட்ட எபிசோடுகள் இருக்கின்றன. 2024 ஏப்ரலோடு மூன்றாம் சீசன் முடிந்தது. திரையரங்குப் படம் 2027 ஆகஸ்டில் என்று அறிவித்திருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்று வயசுக்கு மேல் ஆரம்பித்தால் போதும். வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. தானாக அடுத்த எபிசோடு ஓடுகிற அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் 7 நிமிடம் 70 ஆகிவிடும். சைலபோனும் பலூனும் முதலில், 'டேக்அவே' அப்புறம். 'காப்பிகேட்'டை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள், 'தி சைன்' கடைசியில். சாப்பிட்டவுடனே மட்டும் போடாதீர்கள். முடிந்ததும் குதிரையாவது நீங்கள்தான்.