முக்கோணமா, மின்னும் விளக்கா, மஞ்சள் ஜக்கெட்டா?

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் ரயர் காற்றுப் போனால், எங்கள் ஆட்கள் முதலில் செய்வது பற்றைக்குள் குழை முறித்து வீதியில் போடுவதுதான். பின்னால் வருகிற எவருக்கும் அது விளங்கும். அந்தப் பழக்கத்தோடுதான் போன வருடம் பிரான்சில் காரை விட்டு இறங்கப் பார்த்தேன்.

பாரிசிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் போகும் ஏ4 அதிவேக வீதி. பின் ரயர் போய்விட்டது. நான் கதவில் கை வைத்ததும் அத்தான் சத்தம் போட்டார்: "இறங்காத தம்பி, முதல்ல இதைப் போடு." கதவுப் பையிலிருந்து, வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் மஞ்சள் ஜக்கெட் ஒன்று என் மடியில் விழுந்தது. எல்லோரையும் வலப்பக்கக் கதவால் இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்தார். பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க வீதியில் வைக்கும் சிவப்பு முக்கோணம் டிக்கிக்குள் கிடந்தது, அதை எடுக்கவே விடவில்லை. அந்த வீதியில் 2 கிலோமீற்றருக்கு ஒன்றாக நிற்கும் செம்மஞ்சள் தொலைபேசியில்தான் உதவி கேட்டோம்.

ஏன் விடவில்லை என்பது கணக்குப் போட்டதும் புரிந்தது. மணிக்கு 130 கிலோமீற்றரில் வரும் கார் ஒரு செக்கனில் 36 மீற்றர் ஓடும். ஜெர்மனியில் வேகமான வீதியில் முக்கோணத்தைச் சுமார் 100 மீற்றர் பின்னால் வைக்கச் சொல்கிறார்கள். அந்தத் தூரத்தை நாங்கள் நடந்து கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் போகும், கார் மூன்று செக்கனுக்குள் கடந்துவிடும். பிரித்தானியாவில் சாதாரண வீதிக்கு 45 மீற்றர் என்று சொல்லிவிட்டு, அதிவேக வீதியில் முக்கோணமே வைக்காதீர்கள் என்கிறார்கள். பிரான்சிலும் வைக்கப் போவது உயிருக்கு ஆபத்து என்றால் சட்டம் கட்டாயப்படுத்தாது.

ஸ்பெயின் இன்னும் ஒரு படி தள்ளிப் போய், அங்கே பதிவான கார்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் முக்கோணத்துக்குப் பதில் மின்னும் விளக்கைக் கட்டாயமாக்கியது. கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டிக் கூரையில் வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். கார் நிற்கும் இடத்தையும் அதுவே போக்குவரத்துத் துறைக்கு அறிவித்துவிடும். இறங்கவே தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். ஆனால் பற்றரி இறங்கியிருந்தால் வெறும் பிளாஸ்டிக். வளைவுக்கு அந்தப் பக்கம் கார் நின்றால் விளக்கு தெரியாது, வளைவுக்கு முன்னால் வைத்த முக்கோணம் தெரியும். இதை நம்பி முக்கோணத்தை விட்டுவிட்டுப் பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ போகவும் முடியாது.

ஜக்கெட்டுக்கு பற்றரி வேண்டாம், தூரமும் அளக்க வேண்டாம். பிரான்சில் 2008 முதல் கட்டாயம், அதுவும் டிக்கிக்குள் அல்ல, கைக்கு எட்டும் இடத்தில். இல்லையென்றால் 135 யூரோ தண்டம். ஜெர்மனியில் ஜக்கெட், முக்கோணம், முதலுதவிப் பெட்டி மூன்றும் வேண்டும். ஒரு ஜக்கெட் போதும் என்று சட்டம் சொன்னாலும், காருக்குள் எத்தனை பேரோ அத்தனை ஜக்கெட் வாங்குங்கள். பிள்ளைகளின் அளவிலும் கிடைக்கும். (மது அளவு பார்க்கும் ஊதுகுழாய்க்குக் காசு செலவழிக்க வேண்டாம். அதைக் காரில் வைத்திருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2012இல் கொண்டுவந்த விதியை 2020இல் எடுத்துவிட்டது.)

என் கணக்கில் ஜக்கெட் முதல், விளக்கு இரண்டாவது. முக்கோணம் சட்டத்துக்காகவும், வாகனம் குறைந்த கிராமத்து வளைவுகளுக்காகவும். எங்கள் ஹபரணை வீதிக்கும் இதே வரிசைதான். யானை கடக்கும் இருட்டில் குழை முறிக்க இறங்குவதைவிட, உள்ளேயிருந்து விளக்கைக் கூரையில் வைப்பது எவ்வளவோ மேல்.

ஐரோப்பாவுக்குப் போய் வாடகைக் கார் எடுப்பவர்கள் சாவி வாங்கியதும் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜக்கெட் அதற்குள் கிடந்தால், பெட்டிகளை ஏற்றுவதற்கு முன்பே எடுத்து முன் கதவுப் பையில் வைத்துவிடுங்கள்.